டாக்டர் மாறுகிறார், மாத்திரை கூடுகிறது

இந்த முறை கடிதம் எழுதியவருக்கு வயது 61. அவர் கணவருக்கு 67. கணவருக்கு 14 வருடமாகச் சுகர், அதற்கு முன்பிருந்தே பிரஷர். இவருக்குத் தைராய்டு. 20 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்ப டாக்டரிடம்தான் பார்த்துவந்தார்கள். வயதாகிவிட்டதால் அவர் கிளினிக்கை மூடிவிட்டார். அதன்பின் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே 3 வருடத்தில் 4 டாக்டர்கள் மாறிவிட்டார்கள்.

"என் கணவர் சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார். முதலில் வந்த டாக்டர், பிரஷர் குறையவில்லை என்று அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். இரண்டாமவர் வந்தபோது இவருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று இன்னொன்று எழுதினார். கால் கட்டைவிரல் வலி வந்தால் இவராகவே மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நான்காவதாக வந்த பெண் டாக்டர் ஒருவர்தான் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். ராத்திரி ஒரு நோயாளியின் சொந்தக்காரர்களோடு ஏதோ தகராறு என்றார்கள். 8 மாதத்தில் அவரும் போய்விட்டார். 2 மாதமாக டாக்டர் நாற்காலி காலி. ஆரம்பத்திலிருந்து இருக்கும் நர்ஸ் மட்டும் இருக்கிறார். பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கி ஓட்டுகிறோம்" என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை இவை. டாக்டர்கள் தங்காததற்குப் பணம்தானே காரணம்? பாதியில் விட்டுப்போனவர்கள் மேல் புகார் கொடுக்க முடியாதா? இனி பொது டாக்டரே வேண்டாம், சுகருக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று ஸ்பெஷலிஸ்ட்டுகளிடமே போய்விடலாமா? வெளியூரில் இருக்கும் மகன் வீடியோவில் பார்த்தாலே போதும் என்கிறானே, சரியா? கடைசியாக ஒன்று: ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கமிட்டியில் கணவரும் ஓர் உறுப்பினர். அடுத்து வருபவரிடம் 5 வருடம் போகக்கூடாது என்று பாண்ட் எழுதி வாங்கலாம் என்று கமிட்டி யோசிக்கிறதாம். அது நடக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டர் இல்லாத கவலையைத்தான் நீங்கள் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைவிட அந்த மாத்திரைப் பட்டியல்தான் கவலையாக இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்காததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்த மாத்திரைகள்

உங்கள் பட்டியலை வந்த வரிசையில் படித்துப் பாருங்கள். அம்லோடிபின் கூடியது. பிறகு கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை வந்தது. பிறகு யூரிக் ஆசிட் ஏறியது. அதற்கு ஒரு மாத்திரை வந்தது. விரல் வலிக்கு வலி மாத்திரை சேர்ந்தது. நான்கும் தனித்தனி நோய் மாதிரித் தெரிகிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று முளைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அம்லோடிபின் நல்ல மருந்து. ஆனால் அளவு கூடும்போது, முக்கியமாக 10 மில்லிகிராமில், கணுக்கால் வீங்குவது அதன் பழகிப்போன பக்கவிளைவு. சின்ன ரத்தக்குழாய்களை அது விரிப்பதால் நீர் கசிந்து காலில் தேங்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் மிஞ்சிப்போனதால் வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. அதே சமயம் பெரும்பாலான நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும். யூரிக் ஆசிட் ஏறினால் கட்டைவிரல் மூட்டு வலிக்கலாம். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறினால் அடுத்து வரும் டாக்டர் என்ன செய்வார்? பிரஷர் மாத்திரையைக் கூட்டுவார்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு இன்னொரு மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றிக் கனடாவின் பவுலா ரோஷனும் அமெரிக்காவின் ஜெர்ரி கர்விட்ஸும் 1990-களிலேயே எழுதி, மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். நான்கு பேரில் யாரும் தவறாக வைத்தியம் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததைப் பார்த்து நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நேற்று என்ன மாறியது, அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. முந்தைய டாக்டரே இருந்திருந்தால், "போன மாதம் அளவைக் கூட்டினேனே, அதனால்தான் வீங்குகிறது" என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

கடிதத்தை மட்டும் வைத்து இப்படித்தான் என்று நான் முடிவுகட்ட முடியாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் கோளாறு இருந்தாலும் கால் வீங்கும். அதனால் அம்லோடிபினையோ நீர் மாத்திரையையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்து பார்க்கும் டாக்டரிடம், "இந்த வீக்கம் பிரஷர் மாத்திரையால் வந்திருக்குமா? அதைக் குறைத்தோ மாற்றியோ பார்க்கலாமா? அப்படி வடிந்துவிட்டால் நீர் மாத்திரை தேவைப்படுமா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்காகவே ஒரு முறை போகலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்வேன்: மருந்துக்கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக். டெல்மிசார்ட்டன் வகை மாத்திரை, நீர் மாத்திரை, இந்த வகை வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கும் ஆபத்து இருக்கிறது. 67 வயது, 14 வருடச் சுகர் என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். வலிக்கு வேறு வழி இருக்கிறது. அதை டாக்டர் சொல்லட்டும்.

ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிட்டுச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர், சோடியம், பொட்டாசியம், 3 மாதச் சராசரி சுகர் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரில் புரதம் ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவை மறுபடி யோசிக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் அதை நிறுத்த வேண்டும். பழைய சீட்டு இதையெல்லாம் பார்க்காது. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தைராய்டு மாத்திரை அளவு நிலையாக இருந்தால் வருடம் ஒரு முறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை போதும். நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லை. பொதுவாக வீட்டுக்காரர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் தங்கள் ஃபைலை மறந்துவிடுவார்கள்.

மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ டாக்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் ஸ்பெஷலிஸ்ட் என்றால்?

உங்கள் நினைப்பு புரிகிறது. பெரிய டாக்டர் என்றால் ஊர் விட்டுப் போகமாட்டார், படிப்பும் கூடுதல். ஆனால் இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பிரச்சினையை அது இன்னும் பெரிதாக்கும். இதுவரை நான்கு டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இனி நான்கு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுவார்கள்.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து பார்ப்பதன் பலனை நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். நார்வேயில் 2001-லிருந்து ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட குடும்ப டாக்டரின் பட்டியலில் பதிந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, 1 வருடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும், அந்த ஆய்வுக் காலத்தில் இறப்பதும் நீண்டகாலம் இருந்தவர்களிடம் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குறைவாக இருந்தன. வருடம் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது. 2018-ல் பிரிட்டனில் வெளிவந்த இன்னொரு தொகுப்பு 9 நாடுகளின் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 18, டாக்டர் மாறாதவர்களிடம் இறப்பு குறைவு என்று சொல்லின. எல்லாமே மனிதர்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள் என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரை மாற்றாதவர்கள் வேறு வகையிலும் நிதானமான வாழ்க்கை வாழ்பவர்களாக இருக்கலாம். ஆனாலும் இத்தனை ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதைத் தள்ளிவிட முடியாது. அந்தத் தொகுப்பில் ஸ்பெஷலிஸ்ட்டுகளும் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அங்கே கணக்கில் வந்தது டாக்டரின் பட்டம் எத்தனை என்பதில்லை, திரும்பத் திரும்ப அவரையே பார்த்தார்களா என்பது.

ஆக, மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பொது மருத்துவமோ குடும்ப மருத்துவமோ படித்தவராக இருந்தால் நல்லது. ஸ்பெஷலிஸ்ட் தேவைப்படும்போது அவரே அனுப்பட்டும், திரும்பி அவரிடமே வாருங்கள். சிறுநீரகப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் சிறுநீரக டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். வருடம் ஒரு முறை கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுவதும் அப்படித்தான், சுகர் உள்ளவருக்கு அதில் சலுகை கிடையாது.

தேடும்போது ஒருவரே நடத்தும் கிளினிக்கைவிட, இரண்டு மூன்று டாக்டர்கள் ஒரே ஃபைலை வைத்துப் பார்க்கும் இடம் உங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு. ஒருவர் போனாலும் மற்றவருக்கு உங்களைத் தெரியும். கொஞ்சம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. 3 மாதத்துக்கு ஒரு முறை போனால் போதுமே.

மகன் சொல்லும் வீடியோ விஷயம் பாதி சரி. பிரஷர் அளவும் சுகர் அளவும் வீட்டிலேயே பார்த்து எழுதிவைத்து, ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டரிடம் வீடியோவில் பேசுவது பயனுள்ளது. ஒவ்வொரு முறையும் செயலியில் யார் கிடைக்கிறாரோ அவரிடம் பேசுவது, இருக்கும் சிக்கலை ஃபோனுக்கு மாற்றுவதுதான். தவிர, வீங்கிய காலை அழுத்திப் பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்க வேண்டிய ஒரு தாள்

20 வருடமாக உங்கள் பழைய டாக்டர் தலைக்குள் வைத்திருந்தது இப்போது யாரிடமும் இல்லை. அதில் ஒரு பகுதியையாவது தாளில் கொண்டுவர முடியும். தடித்த ஃபைல் வேண்டாம், புது டாக்டர் அதைப் புரட்டமாட்டார். ஒரே ஒரு பக்கம் போதும்.

- ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, எப்போது ஆரம்பித்தது, எந்த டாக்டர், எதற்காக. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். "எதற்காக" என்று எழுத முடியாத மாத்திரை ஒன்று இருந்தால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.
- முன்பு கொடுத்து நிறுத்திய மருந்துகள், ஏன் நிறுத்தினார்கள் என்பது. ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பு மையில்.
- கடைசி மூன்று பரிசோதனைகளின் கிரியேட்டினின், ஹெச்பிஏ1சி, தேதியோடு.
- டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குபவை: வலி மாத்திரை, நெஞ்செரிச்சல் மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி. வெட்கப்படாமல் எழுதுங்கள்.

முதல் முறை போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். புது டாக்டருக்கு உங்களுக்காக 10 நிமிடம் கிடைக்கலாம். அதில் முந்தைய டாக்டர் எப்படிக் கைராசிக்காரர் என்று 5 நிமிடம் பேசாதீர்கள். கேட்கும் டாக்டர்களான எங்களுக்குப் பொறாமை எல்லாம் இல்லை, நேரம்தான் போகிறது.

அப்புறம் அந்த நர்ஸ். கடிதத்தில் ஒரே வரியில் அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான்கு டாக்டர்களையும் உங்கள் கணவரையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். கால் எந்த மாதம் வீங்கியது என்று அவருக்கு நினைவிருக்கலாம். தாளை எழுதும்போது அவரோடு உட்காருங்கள், ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவையுங்கள்.

போனவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா?

வேண்டாம், கொடுத்தாலும் நிற்காது. வேலையை விடுவதும், வயதானபின் கிளினிக்கை மூடுவதும் டாக்டருக்கும் உள்ள உரிமை. அவசர நிலையில் இருக்கும் நோயாளியையோ, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையையோ மாற்று ஏற்பாடு இல்லாமல் கைவிடுவதுதான் தவறு. உங்கள் விஷயம் அந்த வகையில் வராது. ஆஸ்பத்திரி வேலையில் இருந்த டாக்டர் போனால், அடுத்த ஏற்பாட்டைச் செய்யவேண்டியது ஆஸ்பத்திரி.

உங்களுக்கு உரிமை உள்ளது வேறொன்றில்: உங்கள் மருத்துவப் பதிவுகள். அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமை பெரும்பாலான நாடுகளில் நோயாளிக்கு உண்டு. எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், அந்தக் காலம் முடிந்தால் அழித்துவிடுவார்கள். அதனால் பழைய டாக்டருக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். முழு ஃபைல் இல்லாவிட்டாலும் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள். 20 வருடம் பார்த்தவர், மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஏன் தங்குவதில்லை?

பணம்தான் காரணம் என்பது முழுக்கப் பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கமிட்டி தப்பான இடத்தில் செலவு செய்யும்.

முதலில், ஆளே குறைவு. 2030-க்குள் உலகத்தில் டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லோரையும் சேர்த்து சுமார் 1.1 கோடி சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அதில் பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளில். பணக்கார நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவிலேயே 2036-க்குள் 86,000 டாக்டர்கள் வரை குறையலாம் என்று அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2024-ல் சொன்னது. வளர்ந்த நாடுகள் பலவற்றில் டாக்டர்களில் சுமார் மூன்றில் ஒருவர் 55 வயதைத் தாண்டியவர். உங்கள் பழைய டாக்டரைப் போல அவர்களும் ஒவ்வொருவராகக் கிளினிக்கை மூடுவார்கள். அந்த இடத்தை நிரப்ப அந்த நாடுகள் மற்ற நாடுகளிலிருந்து ஆள் எடுக்கும். இப்படி எடுப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடைமுறைக் கோட்பாடே கொண்டுவந்தது. அதில் கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டாவது, இருப்பவர்கள் களைத்துப்போகிறார்கள். அமெரிக்காவில் டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து நேரத்தை அளந்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. நோயாளியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டரிலும் காகிதத்திலும் ஏறக்குறைய 2 மணி நேரம் போகிறது என்று அதில் தெரிந்தது. நோயாளியைப் பார்க்கத்தான் படித்துவிட்டு வருகிறோம், பாதி நாள் பார்ப்பது படிவத்தை. வேலையினால் வரும் இந்தச் சலிப்பையும் சோர்வையும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்கூட 2019-ல் வேலை சார்ந்த நிலை என்று விவரித்துச் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது உங்கள் ஆஸ்பத்திரிக்கே உரியது. ஒரே ஒரு டாக்டர் இருக்கும் இடத்தில் அவருக்கு லீவு என்பது கிடையாது. பகல் முழுக்க புறநோயாளி, ராத்திரி கதவைத் தட்டினால் அதுவும் அவர்தான். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் இன்னொரு டாக்டர் இல்லை. மேல்படிப்புக்குத் தயாராகும் வயது. கணவனுக்கோ மனைவிக்கோ அந்த ஊரில் வேலை கிடைக்காது. இதோடு, நீங்கள் "ஏதோ தகராறு" என்று ஓரமாக எழுதிய அந்த ராத்திரி. நடு இரவில், தனியாக இருக்கும் ஓர் இளம் டாக்டரைச் சுற்றி நான்கு பேர் நின்று கத்தினார்கள் என்றால், அடுத்த நாள் காலை கமிட்டியிலிருந்து யாராவது போய் அவரிடம் என்ன நடந்தது என்று கேட்டார்களா? கடிதத்தில் அது இல்லை. எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.

5 வருட பாண்ட்

கட்டாயச் சேவை புதிதில்லை. தாய்லாந்தில் 1970-களிலிருந்தே, படித்து முடித்த டாக்டர்கள் அரசுப் பணியில் 3 வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்ற விதி இருக்கிறது. அதனால் கிராமங்களுக்கு டாக்டர்கள் போனது உண்மை. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பியவர்களும் நிறைய. அந்த நாடு பாண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் கிராமப்புற மாணவர்களைச் சேர்ப்பது, கூடுதல் படி என்று மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டது.

ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972-ல் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களை எடுத்து, செலவை ஏற்றுப் படிக்கவைத்து, 9 வருடம் சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கச் சொல்கிறது. கடமைக் காலம் முடிந்த பிறகும் பெரும்பாலானவர்கள் அதே மாகாணத்தில் இருக்கிறார்கள். இது வெறும் பாண்டின் வெற்றி இல்லை. அந்த மண்ணிலிருந்தே ஆளை எடுத்திருக்கிறார்கள். கிராமப்புறங்களில் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களைச் சேருங்கள், அங்கேயே பயிற்சி கொடுங்கள், வீடு, பாதுகாப்பு, குடும்பம், துணைக்கு ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யுங்கள்.

உங்கள் கமிட்டி தனியாக எழுதி வாங்கும் பாண்டில் இது எதுவும் இருக்காது. பொதுவாக நீதிமன்றங்கள் ஓர் ஆளை வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. மிஞ்சிப்போனால் ஆஸ்பத்திரிக்கு உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் பார்க்கும். இதில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்படி ஓர் ஆஸ்பத்திரி என்று பெயர் பரவினால் விண்ணப்பமே வராது. போக மனசு வைத்துவிட்டு பாண்டுக்காக உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் உங்கள் கணவர் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் கணவர் எழுந்து பேசுவதாக இருந்தால் இவற்றைப் பேசட்டும். ஒரு முழுநேர டாக்டருக்குப் பதில் இரண்டு பகுதிநேர டாக்டர்களை வைக்க முடியுமா? வாரத்தில் ஒன்றரை நாளாவது ஃபோன் அடிக்காத லீவு கொடுக்க முடியுமா? ராத்திரி வருபவர்களை முதலில் நர்ஸ் பார்த்து, உண்மையிலேயே அவசரம் என்றால் மட்டும் டாக்டரை எழுப்பலாமா? படிவம் நிரப்ப ஒரு எழுத்தரைப் போடலாமா? ராத்திரியில் வாசலில் ஒரு காவலாளி, தகராறு என்றால் கமிட்டியில் யார் வருவார் என்று ஒரு பெயர், எழுத்தில் இருக்கட்டும். வருபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி எடுங்கள். மூன்றாவது மாதத்திலேயே "எது கஷ்டமாக இருக்கிறது" என்று கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் வந்தபின் கேட்டு என்ன பயன்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கமிட்டி உறுப்பினர்கள் வரிசையில் உட்கார்ந்து டாக்டரைப் பார்க்கிறார்களா, நேராக உள்ளே போகிறார்களா? இரவு 10 மணிக்கு "ஒரு சின்ன சந்தேகம்" என்று அவருக்கு ஃபோன் போடுவது யார்?

விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால், நான்காவதாக வந்த டாக்டரைக் கமிட்டி சார்பில் ஒரு முறை தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். திரும்பி வாருங்கள் என்று கெஞ்சுவதற்காக இல்லை. ஏன் போனீர்கள், எது மாறியிருந்தால் இருந்திருப்பீர்கள் என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு உங்கள் கணவரை அனுப்பாமல், அவரோடு 8 மாதம் ஒன்றாக வேலை பார்த்த அந்த நர்ஸைப் பேசச் சொன்னால் உண்மை வரும். வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், முழுநேரத்தை விட்டவர்கள் பகுதிநேரத்துக்குச் சம்மதிப்பது உண்டு. அவர் வராவிட்டாலும் உங்கள் கணவரின் மாத்திரைகளில் எதை மாற்ற நினைத்திருந்தார் என்பதை அவர் எழுதிய குறிப்பிலிருந்து நர்ஸ் எடுத்துத் தரலாம். பொறுமையாகக் கேட்டவர் என்கிறீர்கள், அந்தக் கால் வீக்கத்தைப் பற்றி அவர் ஏதாவது எழுதியிருப்பார்.